ஐந்தரைக்கு மாறலாமா? ஏழாம் லெவலில் நிற்கும் ஒரு குழுவின் கேள்வி

பகடைக்காரி:
மூன்று வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (டி அண்ட் டி: பகடை உருட்டிக் கதையாக விளையாடும் மேசை ஆட்டம்) ஒரே கேம்பெயினை, அதாவது ஒரே தொடர்கதையை, நடத்தி வருகிறேன். ஐந்து பேர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, எல்லாம் 2014 ஐந்தாம் பதிப்புப் புத்தகங்களை வைத்து; 2024-இல் வந்த திருத்தத்தைத்தான் ஐந்தரை என்கிறேன். இப்போது எல்லோரும் ஏழாம் லெவல்: ஃபைட்டர் (போர்வீரர்), பாலடின் (கடவுளுக்கு நேர்ந்த வீரர்), டுருயிட் (இயற்கை மந்திரக்காரி), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்), ரோக் (பதுங்கி அடிப்பவர்). போன வாரம் ஃபைட்டர் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோடு (ஆட்டக்காரர்களுக்கான விதிப் புத்தகம்) வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வித்தை இருக்கிறதாம், தனக்கு மட்டுமாவது அதைக் கொடுக்க வேண்டுமாம். பாலடின் அதே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். டுருயிட், "மந்திரத்தில் நான் கூப்பிடும் ஓநாய்களைத் தொட்டால் இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

என்னிடம் பழைய மூன்று புத்தகங்களும் (பிளேயர்ஸ் ஹேண்ட்புக், நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, பூதங்களுக்கான மான்ஸ்டர் மேனுவல்), ஸானதர்ஸ் கைடு, டாஷாஸ் கால்ட்ரன் என்ற இரண்டு கூடுதல் விதிப் புத்தகங்களும் இருக்கின்றன. பாதியில் மாறலாமா? மாறினால் எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமலே சமாளிப்பது? புதிய மூன்றும் சேர்ந்து அச்சு விலையே கிட்டத்தட்ட 150 டாலர். வீட்டில் ஏற்கெனவே "இன்னும் ஒரு பூதக் கதைப் புத்தகமா?" என்று கேட்கிறார்கள்.

கவசம்18:
மாறுங்கள். ஃபைட்டர் பக்கம் நின்றுதான் பேசுகிறேன், என் பெயரே சொல்லும். பத்து வருடமாக எங்கள் முறை வந்தால் என்ன செய்தோம்? "அடிக்கிறேன். இன்னொரு தடவை அடிக்கிறேன். அவ்வளவுதான்." பக்கத்தில் விஸார்ட் (மந்திரவாதி) நிதானமாக யோசித்து ஊரையே கொளுத்துவார்.

வெப்பன் மாஸ்டரி என்ற ஆயுத வித்தைகள் வந்த பிறகுதான் கையில் இருப்பது வாளா சம்மட்டியா என்பதற்கே அர்த்தம் வந்திருக்கிறது. லாங்ஸ்வோர்டில் சாப், அடி பட்டவனுடைய அடுத்த அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுப்பது). கிரேட்ஸ்வோர்டில் கிரேஸ், அடி தவறினாலும் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (பலத்துக்கான கூட்டல்) அளவுக்காவது டேமேஜ் உண்டு. மால் (பெரிய சம்மட்டி), பேட்டில்ஆக்ஸ் என்றால் டாப்பிள், சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) தவறினால் ஆள் தரையில். உங்கள் ரோக்குக்கும் லாபம்தான்: ஷார்ட்ஸ்வோர்டில் வெக்ஸ், ஒரு அடி பட்டால் அதே ஆள் மீது அடுத்ததற்கு அட்வான்டேஜ் (இரண்டில் பெரியது). ஸ்னீக் அட்டாக் என்ற பதுங்கல் அடிக்காகத் தூணுக்குத் தூண் ஒளிந்துகொண்டு திரிய வேண்டாம்.

மூன்றரைக்காரன்:
நான் 2000-இல் மூன்றாம் பதிப்பை வாங்கினேன். 2003-இல் மூன்றரை வந்தது, அதையும் வாங்கினேன். 2008-இல் நான்கு, 2014-இல் ஐந்து. இப்போது ஐந்தரை. அலமாரி வளைந்துவிட்டது. கம்பெனி ஐந்தரை என்று சொல்லவில்லை, "2024 விதிகள்" என்கிறது, ஆனால் இங்கே எல்லோருக்கும் ஐந்தரைதான்.

மூன்றரையில் பட்டதை மட்டும் சொல்கிறேன். பெரிய மாற்றங்கள் யாரையும் தொல்லை செய்யவில்லை, எல்லோருக்கும் அவை தெரிந்திருந்தன. உயிரை வாங்கியது சின்ன மாற்றங்கள். ஹேஸ்ட் என்ற மந்திரம் பெயர் அப்படியே, வேலை வேறு. ரேஞ்சர் பெயர் அப்படியே, உள்ளே வேறு ஆள். மேசையில் பாதிப் பேரிடம் பழைய புத்தகம், பாதிப் பேரிடம் புதியது, இரண்டிலும் ஒரே பெயர். வாரம் ஒரு சண்டை, பூதத்தோடு இல்லை, எங்களுக்குள்ளேயே. ஐந்தரைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஏழரை ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலமை:
மூன்றரைக்காரன் சொன்னதுதான் முக்கியம். "ஃபைட்டருக்கு மட்டும் புதியது" என்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே பெயரில் வேறு வேலை செய்பவை இந்தத் தடவையும் நிறைய. எங்கள் மேசையில் தகராறு கிளப்பியவற்றை எழுதுகிறேன்.

கியூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரம் முன்பு ஒரு டி8 (எட்டு முகப் பகடை), இப்போது இரண்டு. ஹீலிங் வேர்டும் ஒரு டி4-இலிருந்து இரண்டானது. போஷன் (மருந்து) குடிக்க இப்போது முறைக்கு ஒன்று கிடைக்கும் குட்டிச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். எக்ஸாஸ்ஷன் (களைப்பு) அட்டவணை போயே போய்விட்டது. ஒவ்வொரு படிக்கும் டி20-இல் 2 குறையும், வேகம் 5 அடி குறையும், ஆறாவது படியில் சாவு. திடீர்த் தாக்குதலில் முதல் ரவுண்டையே இழக்கும் கொடுமை இல்லை, இனிஷியேட்டிவுக்கு (யார் முதலில் என்ற உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ் மட்டும். கவுன்டர்ஸ்பெல் (மந்திரத்தை முறிக்கும் மந்திரம்) போட்டால் எதிராளி கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் போடுவார்; தோற்றால் மந்திரம் வீண், ஆனால் அவருடைய ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) பிழைக்கும். இது ஒன்றுக்காகவே நான் மாறியிருப்பேன். மூன்றாம் லெவல் ஸ்லாட்டை ஒரே சைகையில் பிடுங்கிக்கொள்வது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எரிச்சல்தான்.

பகடைக்காரி, உங்கள் டுருயிட்டுக்கு இரண்டு அடி. கான்ஜூர் அனிமல்ஸ் மந்திரம் இனி எட்டு ஓநாய்களை வரவழைக்காது. ஆவி வடிவத்தில் ஒரு மிருகக் கூட்டம் வரும், நகரும், பக்கத்தில் இருப்பவர் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் தவறினால் 3 டி10 டேமேஜ். அடுத்தது வைல்டு ஷேப் (மிருகமாக மாறுவது): கரடியாக மாறினால் கரடியின் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) கிடைக்காது. உங்களுடையதே இருக்கும், கூடவே டுருயிட் லெவல் அளவுக்குத் தற்காலிகமாகக் கொஞ்சம். மூன் சர்க்கிள் என்ற டுருயிட் பிரிவு என்றால் அதைப் போல மூன்று மடங்கு.

சத்தியவான்:
பாலடின் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லையே. டிவைன் ஸ்மைட், பட்ட அடியில் கடவுளின் சக்தியைச் சேர்ப்பது, இப்போது ஒரு மந்திரம். போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், ஆகவே ஒரு முறைக்கு ஒன்றுதான். முன்பு இரண்டு அடியும் பட்டால் இரண்டிலும் ஸ்மைட் போட்டு, கதையின் கடைசி வில்லனை இரண்டாவது ரவுண்டிலேயே ஊருக்கு அனுப்பிவிடலாம். போதாக்குறைக்கு, மந்திரம் என்று ஆனதால் சைலன்ஸ் என்ற மௌன மந்திரத்துக்குள் நின்றால் ஸ்மைட் கிடையாது. கடவுளின் கோபத்துக்கு வாய் திறந்து சத்தம் போட வேண்டுமாம்.

நீலமை:
சத்தியவான், நீங்கள் வில்லனை இரண்டாவது ரவுண்டில் ஊருக்கு அனுப்பிய அன்று மற்ற நான்கு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அதற்காகத்தான் மாற்றினார்கள் என்று நினைக்கிறேன். லே ஆன் ஹேண்ட்ஸ் (கை வைத்துக் குணமாக்குவது) போனஸ் ஆக்‌ஷனாக வந்ததையும், ஐந்தாம் லெவலில் குதிரை சும்மா கிடைப்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

சத்தியவான்:
குதிரை நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்மைட் கணக்கு வேறு.

குகைவாசி:
நான் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. எங்கள் குழு எண்பதுகளின் விதிகளில் விளையாடுகிறது, ஆளை உருவாக்கப் பத்து நிமிடம், சாகப் பதினொன்று. ஒரே ஒரு சந்தேகம். அட்டாக் ஆக்‌ஷனில் ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஆயுதத்தை எடுக்கலாம் அல்லது உறையில் போடலாம் என்று விதி இருக்கிறதாமே? முதல் அடி சம்மட்டி, இரண்டாவது வாள், அடுத்த ரவுண்டில் ஈட்டி. உங்கள் ஃபைட்டர் சண்டைக்குப் போகிறாரா, ஆயுத பூஜைக்கு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாரா?

கவசம்18:
பொரி, சுண்டல் கொடுத்தால் எங்களுக்குச் சம்மதம்.

ஆனால் நீங்கள் சொல்வது நிஜம். எங்கள் மேசையில் கையில் இருப்பதை ஒரு சண்டைக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனால் அதன் பிறகு யாரும் முதுகில் ஆறு ஆயுதம் சுமப்பதில்லை.

நாலாம்பிறை:
எல்லோரும் மறந்த ஒரு பதிப்பின் ரசிகன் என்ற முறையில் சிரித்துக்கொண்டே படிக்கிறேன். 2008-இல் நான்காம் பதிப்பில் ஃபைட்டருக்கு ஒவ்வொரு ரவுண்டும் "தள்ளு, வீழ்த்து, தடு" என்று வித்தைகள் இருந்தன. அப்போது "இது வீடியோ கேம்" என்று திட்டினீர்கள். ஹிட் பாயின்ட் பாதியாகவோ அதற்குக் கீழோ போனால் பிளடீட் என்று பெயர் வைத்ததும் அந்தப் பதிப்புதான். 2024 புத்தகத்தில் இரண்டும் பின்வாசல் வழியாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யாராவது மன்னிப்புக் கேட்பீர்களா?

மூன்றரைக்காரன்:
மாட்டோம்.

தூரத்துக்கோபுரம்:
விதிகள் எல்லாம் சரி, கம்பெனியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2023 ஜனவரியில், மற்றவர்களும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போட அனுமதித்த பழைய திறந்த உரிமத்தைச் செல்லாது ஆக்கப் பார்த்தார்கள். வரைவு வெளியே கசிந்து ஊரே திரண்ட பிறகு, அதே மாதம் 27-ஆம் தேதி பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் விட்டார்கள். 2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்ட் என்ற அவர்களுடைய இணையதளத்தில் பழைய மந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியதைப் போடப் போகிறோம் என்றார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கத்திய கத்தில் சில நாட்களில் அதிலும் பின்வாங்கினார்கள். சிஜில் என்று கணினியில் விளையாடும் ஒரு முப்பரிமாண மேசை வந்தது, வந்த வேகத்தில் அதைச் செய்தவர்களில் பெரும்பாலோரை 2025 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதிப்பின் முகமாக இருந்த ஜெரெமி க்ராஃபர்ட், கிறிஸ் பெர்கின்ஸ் இருவரும் அதே வருடம் கிளம்பி டாரிங்டன் பிரஸ் என்ற இன்னொரு ஆட்டக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும் 150 டாலர் கொடுப்பீர்களா?

வெட்டிக்கதை:
இதற்குத்தான் நான் பாத்ஃபைண்டர் என்று

கவசம்18:
வந்துவிட்டார். எங்கே இன்னும் காணோமே என்று பார்த்தேன்.

வெட்டிக்கதை:
சொல்ல விடுங்கள். அது வேறு கம்பெனியின் இதே வகை ஆட்டம். விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் இலவசம், கம்பெனியின் சம்மதத்தோடு. 2023 நவம்பரில் வந்த ரீமாஸ்டர் புத்தகங்கள்கூட அந்த உரிமத் தகராறில் பிறந்தவைதான். முறைக்கு மூன்று ஆக்‌ஷன், கணக்கு சுத்தம். ஆனால் மூன்று வருடக் கதையைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோகச் சொல்ல மாட்டேன். அது வீடு மாற்றுவது இல்லை, ஊரையே மாற்றுவது. அடுத்த கேம்பெயினுக்கு யோசியுங்கள்.

நீலமை:
தூரத்துக்கோபுரம் சொன்ன கதையில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, பகடைக்காரிக்குப் பயன்படுவதும் அதுதான். 2025 ஏப்ரலில் புதிய விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2-உம் கிரியேட்டிவ் காமன்ஸில் வந்தது. பிடிஎஃப், இலவசம், 350 பக்கத்துக்கு மேல். பன்னிரண்டு கிளாஸும் (ஃபைட்டர், ரோக் போன்ற வகைகள்) உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு). பேக்கிரவுண்ட் (பாத்திரத்தின் பூர்வீகம்) நான்குதான். ஆயுத வித்தைகள், மந்திரங்கள், ஏகப்பட்ட மிருகங்கள் எல்லாம் இருக்கின்றன. காசு கொடுக்காமல் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

பகடைக்காரி:
இது தெரியாமல்தான் அலைந்தேன். நன்றி. கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் தமிழில் மொழிபெயர்த்துப் போடலாமா?

நீலமை:
போடலாம். மூலத்தின் பெயரை அவர்கள் கேட்கும் விதத்தில் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். "சேவிங் த்ரோ"வுக்குச் சொல் கண்டுபிடிப்பதற்குள் ஏழாம் பதிப்பு வந்துவிடும் என்பது வேறு விஷயம். எங்கள் மேசையில் "சேவ் போடு" என்றுதான் ஓடுகிறது.

மூன்றரைக்காரன்:
ஒரு கிளைக்கதை. ஒரு தடவை ஆட்டம் எங்கள் வீட்டில். பாட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிளெரிக் டி20-ஐ உருட்டினார், ஒன்று விழுந்தது. மேசையே தலையில் கை வைக்கிறது, பாட்டி மட்டும் கைதட்டி "தாயம்! தாயம்! இன்னொரு தடவை போடு!" என்கிறார். தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால்தானே காயே உள்ளே இறங்கும். அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒன்று விழுந்தால் ஒரு மறு உருட்டல் உண்டு. பாட்டி விதி. எந்தப் பதிப்பு வந்தாலும் அது மாறவில்லை.

ரேஞ்சர்பாவம்:
விதி என்றதும் நினைவுக்கு வருகிறது. ரேஞ்சருக்கு இந்தத் தடவையும் விதிதான். எல்லாவற்றையும் ஹன்டர்ஸ் மார்க் (ஓர் எதிரியைக் குறி வைக்கும் மந்திரம்) மேலேயே கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கோ கான்சன்ட்ரேஷன் (கவனம் கலையாமல் பிடித்து வைப்பது) வேண்டும். அடி வாங்கினாலும் அது கலையாது என்ற சலுகை பதின்மூன்றாம் லெவலில்தான் வருகிறது. இருபதாம் லெவலில் மற்றவர்கள் மலையைப் பெயர்க்கும்போது எனக்கு அந்த மார்க்கின் டி6, டி10 ஆகிறதாம். வருடக்கணக்கில் உழைத்ததற்கு இரண்டு ரூபாய் இன்க்ரிமென்ட்.

கவசம்18:
மங்க் (வெறுங்கைச் சண்டைத் துறவி) விளையாடியவர்கள் இந்தப் பதிப்பில் அழவில்லை, அதையாவது எழுதுங்கள். தொடக்கமே டி6, போனஸ் ஆக்‌ஷன் அடிக்குப் பாயின்ட் செலவில்லை, அம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவர் இப்போது வாள் வீச்சையும் தடுக்கிறார்.

நீலமை:
சரி, புத்தகங்களுக்கு வருவோம். பகடைக்காரி கேட்ட இரண்டாவது கேள்வி அனாதையாகக் கிடக்கிறது.

பிளேயர்ஸ் ஹேண்ட்புக் உங்கள் ஃபைட்டரிடமே இருக்கிறது, மேசைக்கு ஒன்று போதும். நீங்கள் வாங்குவதாக இருந்தால் மான்ஸ்டர் மேனுவல், 2025 பிப்ரவரியில் வந்தது. காரணம் படங்களும் இல்லை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட மிருகங்கள் என்ற எண்ணிக்கையும் இல்லை. புதிய ஆட்கள் பழைய ஆட்களைவிடப் பலசாலிகள், பழைய மிருகங்களை அவர்கள் மேல் ஏவினால் அப்பளம்போல் நொறுங்கும். இன்னொன்று, வேகம். பழைய ஓநாய் கடித்தால் ஆட்டக்காரர் ஸ்ட்ரெங்த் சேவ் போட வேண்டும். புதிய ஓநாய் கடித்தால் சேவ் இல்லாமலே ஆள் கீழே. ஃபைட்டரின் டாப்பிள் கூட்டும் நேரத்தில் கொஞ்சத்தை இது திருப்பிக் கொடுக்கிறது. ஒரு குறை: எல்லாம் அகர வரிசை. டீமன் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது, புத்தகம் முழுக்கப் புரட்ட வேண்டும்.

உங்கள் ஸானதர்ஸ், டாஷாஸ் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். அவற்றின் சப்கிளாஸ்கள் ஓடும், எல்லாமே மூன்றாம் லெவலில் தொடங்கும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளூம் ஸ்டாக்கர், ஸோல்நைஃப் போன்ற சில ஏற்கெனவே புதிய ஹேண்ட்புக்குக்குள் திருத்தத்தோடு வந்துவிட்டன. அவற்றுக்குப் புதியதையே பாருங்கள். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு இப்போதைக்கு வேண்டாம்.

நாலாம்பிறை:
டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடை ஒரே வரியில் ஒதுக்காதீர்கள். புதிதாக நடத்த வருபவருக்கு 2014-ஐவிட எவ்வளவோ மேல். ஒரு அமர்வை எப்படித் தயாரிப்பது என்பதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. கிரேஹாக் என்ற பழைய கதை உலகமும் உள்ளே உண்டு. ஐந்தாம் லெவலிலிருந்து ஆட்டக்காரர்கள் கோட்டை கட்டிக்கொள்ளும் பாஸ்டியன் விதிகளும் அதில்தான். எங்கள் ஆட்கள் சண்டையைவிடத் தோட்டமும் சமையலறையும் கட்டுவதில்தான் குறியாக இருக்கிறார்கள்.

நீலமை:
ஒதுக்கவில்லை. மூன்று வருடம் நடத்தியவருக்குக் கடைசியில் வாங்கினால் போதும் என்கிறேன். ஆனால் ஒன்று எனக்கும் எரிச்சல். சொந்தமாக பேக்கிரவுண்ட் உருவாக்கும் முறையை ஆட்டக்காரர் புத்தகத்தில் வைக்காமல் இதில் வைத்திருக்கிறார்கள். பலம், அறிவு போன்றவற்றின் ஸ்கோர் உயர்வே இப்போது பேக்கிரவுண்டிலிருந்துதான் வருகிறது, ஹேண்ட்புக்கில் இருப்பதோ பதினாறு. விவசாயி மகன் விஸார்ட் ஆக ஆசைப்பட்டால் இன்டெலிஜென்ஸ் ஏறாது.

தூரத்துக்கோபுரம்:
அப்புறம் அந்த 2025 நவம்பர் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தின் இரட்டைப் புத்தகங்கள், டிசம்பரில் வந்த எபெரான் உலகத்தின் ஆர்டிஃபைசர் (மந்திரக் கருவி செய்பவர்) புத்தகம்?

நீலமை:
அவருடைய குழுவில் ஆர்டிஃபைசர் இல்லை, கதையும் அவருடைய சொந்த உலகம். வேண்டாம்.

பகடைக்காரி:
இரண்டு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். பிரதான கதையைத் தொடாமல், ஒரு பாலத்தில் நான்கு ஓகர்கள் (முரட்டு பூதங்கள்) வழிமறிக்கும் பக்கக்கதை. எல்லோருக்கும் புதிய விதி, எஸ்ஆர்டியும் ஃபைட்டரின் புத்தகமும் மட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

ஃபைட்டர் மால் எடுத்தார். ஸ்ட்ரெங்த் 18, ஆகவே டாப்பிளுக்கு டிசி (சேவ் எட்ட வேண்டிய எண்) 15. ஓகருக்குக் கான்ஸ்டிட்யூஷன் கூட்டல் மூன்று, நான் 12 போட்டால்தான் அது நிற்கும். முறைக்கு இரண்டு அடி, பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு சேவ். முதல் ஆட்டத்தில் ரவுண்டு நிஜமாகவே இழுத்தது. இரண்டாவதில் ஓகருடைய சேவையும் அவரையே உருட்டச் சொன்னேன், அடியோடு சேர்த்து இரண்டு டி20 ஒரே நேரத்தில். சரியாகிவிட்டது.

பாலடின் முதல் ஒரு மணி நேரம் முறைத்தார். அப்புறம் ரோக் விழுந்தபோது போனஸ் ஆக்‌ஷனில் லே ஆன் ஹேண்ட்ஸ் வைத்துத் தூக்கிவிட்டு, அதே முறையில் இரண்டு அடியும் அடித்தார். ஸ்மைட் போட வழியில்லாமல் போனதை அவர் கவனிக்கவே இல்லை. சத்தியவான், நான் எடுத்துச் சொல்லவும் இல்லை.

டுருயிட்டின் முறை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. முன்பு எட்டு ஓநாய்க்கு எட்டு உருட்டல், நாங்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வருவோம். ஆனால் அவள் சந்தோஷமாக இல்லை. அந்த எட்டுக்கும் அவள் பெயர் வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் எதிர்பார்க்காத சண்டை ஃபைட்டருக்கும் ரேஞ்சருக்கும். ரேஞ்சர் ஓர் ஓகர் மீது ஹன்டர்ஸ் மார்க் வைக்கிறார், வில்லை வளைக்கிறார். அதற்குள் ஃபைட்டர் அதே ஓகரைத் தரையில் வீழ்த்திவிடுகிறார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அட்வான்டேஜ். தூரத்திலிருந்து எய்பவருக்கு? கீழே கிடக்கும் ஆள் மீது டிஸ்அட்வான்டேஜ். மூன்றாவது தடவை நடந்தபோது ரேஞ்சர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "நான் குறி வைப்பதற்காகவே காத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

ரேஞ்சர்பாவம்:
அவருக்கு என் அனுதாபங்கள். நேரில் சொல்லிவிடுங்கள்.

கவசம்18:
இதற்கு வழி இருக்கிறது. ரேஞ்சரின் முறை அடுத்ததாக இருந்தால் மால் சம்மட்டியை வைத்துவிட்டு கிரேட்ஸ்வோர்டை எடுக்கச் சொல்லுங்கள், கிரேஸ் யாரையும் கீழே தள்ளாது. அதோடு ஒன்பதாம் லெவலில் ஃபைட்டருக்கு டாக்டிகல் மாஸ்டர் வரும், ஆயுதத்தின் வித்தைக்குப் பதிலாகப் புஷ், சாப், ஸ்லோ மூன்றில் ஒன்றைப் போடலாம்.

பகடைக்காரி:
ஒன்பதா? நாங்கள் போகிற வேகத்துக்கு அடுத்த தீபாவளி ஆகும். அதுவரை ரேஞ்சர் பொறுப்பாரா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன். மான்ஸ்டர் மேனுவலுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். டுருயிட், எட்டு ஓநாய்களையும் கதைக்குள்ளேயே வழியனுப்பி வைக்க வேண்டும் என்கிறாள். அடுத்த சனிக்கிழமை முதல் அரை மணி நேரம் அதற்கு.